சுடாத மண்ணின் மேல் ஒரு கபடிக் களம்

சென்ற ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். வேலை இல்லாமல் எங்கள் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த தரைவேலைத் தம்பிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய கான்கிரீட் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது, அதன்மேல் டைல்ஸோ ரப்பர் விரிப்போ போட வேண்டும். முதலில் எந்தக் கருவியை எடுப்பது என்று கேட்டார்கள். லேசரா, ரசமட்டமா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். எதையும் எடுக்க வேண்டாம், இந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள் என்றேன். சிரித்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோது மழை நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். சொல்ல முடியாமல் போனதைத்தான் சங்க மலருக்கு எழுதுகிறேன். மாதமும் கிழமையும் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சிறியது. பள்ளி இறுதித் தேர்வு முடித்த கோடையில் சித்தாளாகச் சேர்ந்தேன். கலவை சுமந்தேன், பிறகு பூசுகரணை பிடித்தேன், பிறகு மட்டத்துக்கு நூல் கட்டக் கற்றேன். மிச்ச நேரத்தில் கிளை நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இவ்வளவுதான். உருப்படியாகச் சொல்வதற்கு உள்ளவை மங்கலம்பேட்டை கரீம் பாயிடம் மேற்பார்வை வேலைக்குப் போன பிறகு நடந்தவையே.

கரீம் பாய்க்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் அவர் ஒப்பந்தக்காரர், நான் சம்பளக்காரன். அவர் என்னை 'ராசு' என்பார், நான் அவரைப் 'பாய்' என்பேன். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. புதிய இடத்துக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வாசல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பார். அதற்கு எதிர்ப் பக்கத்தில் பனியனோடு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். தரையின் மேடெல்லாம் அந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள். "ஒண்ணுமில்லம்மா, ஒங்க வூட்டுத் தரை கிட்ட நலம் விசாரிக்கிறேன்" என்று படுத்தபடியே சொல்வார்.

லேசர் வந்த பிறகும் அவர் படுப்பதை விடவில்லை. லேசர் அளவைச் சொல்லும், இது குணத்தைச் சொல்லும் என்பார். இரண்டையும் செய்ததால், கடைசி வேலை வரும்வரை எங்கள் வேலை கெட்டதில்லை.

மட்டம் என்றால் ஒரே ஒரு மட்டம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதை மாற்றியது மங்கலம்பேட்டையில் ஒரு வீடு. அந்த வீட்டு மகன் குவைத்தில் இருந்தார். போனிலேயே வேலையை நடத்தினார். தரை கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்க வேண்டும், கோலியை வைத்தால்கூட உருளக்கூடாது என்பது அவர் உத்தரவு. நாங்கள் நூல் கட்டும்போது அவருடைய தாயார் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"எந்தப் பக்கமும் போவாதும்மா. மட்டம்" என்றேன் பெருமையாக.

"அப்ப நான் வாளித் தண்ணி ஊத்திக் கழுவுனா அது எங்க நிக்கும்? என் தலையிலயா?"

பாய் போனை எடுத்து மகனிடம் கேட்டார்: "தம்பி, வூட்ட யாரு கழுவுறாங்க?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு, "அம்மா சொல்ற மாதிரி செஞ்சிடுங்க பாய்" என்றார் மகன். கண்ணுக்குத் தெரியாத சாய்வு ஒன்றைத் தாழ்வாரத்து நீர்த்துளை நோக்கிக் கொடுத்தோம். அந்த அம்மாள் கையோடு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, அது ஓடிய வேகத்தைக் கண்டு, எங்களுக்குப் பாயசம் கொடுத்தார். அன்று முதல், நூல் கட்டும் முன் அந்தத் தரையில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாயிற்று. முன்பு யார் என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது கடைசியில்தான் புரிந்தது.

அந்தக் கடைசி வேலை, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த, பொம்மை வார்க்கும் கூடம் ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வந்தது. மாசி மகத்துக்கு முந்தைய வாரம் என்று பாய் இன்றும் சாதிப்பார். நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபோது திருவிழாக் கடைகளின் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பிந்தைய வாரம்தான்.

எங்களைக் கூப்பிட்டவர் தேவகி டீச்சர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கம்மாபுரம், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கபடி சொல்லிக்கொடுத்துவந்தார். மாவட்ட அணிக்கான தேர்வு எப்போதும் தொலைவில் ஏதாவது ஊரில்தான் நடக்கும். விடியும் முன் பஸ் ஏறி, இருட்டிய பின் திரும்ப வேண்டும் என்பதால் பாதிப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். அந்த ஆண்டு டீச்சர் அலையாய் அலைந்து, நல்ல கூடம் காட்டினால் விருத்தாசலத்திலேயே தேர்வை வைக்கிறோம் என்று ஒரு வாக்கு வாங்கிவிட்டார். கூடத்தின் உரிமையாளர் இடத்தை வாடகையில்லாமல் கொடுத்தார். தேர்வு நடத்துகிறவர்கள் லாரியில் அனுப்பிய இரவல் விரிப்புகளை மூலையில் அடுக்கியாயிற்று. தரைதான் மிச்சம். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தரை சரியில்லை என்றால் தேர்வு வேறு ஊருக்குப் போய்விடும்.

அப்படிப் போனால் யாருக்கு என்ன ஆகும் என்பது முதல் நாளே தெரிந்தது. பவித்ரா என்று ஒரு பிள்ளை, கம்மாபுரம் பக்கம். ஒல்லி, ஆனால் கபடி பாடிப்போனால் யார் கைக்கும் சிக்காது. வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி ஆண்டு. அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட அப்பா, வண்டியிலிருந்து இறங்காமலே என்னிடம் பேசினார்.

"நெலம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போவுதோ இருக்குதோன்னு நாங்களே நடுவுல நிக்கிறோம். இதுல வெளியூருக்கெல்லாம் அனுப்ப முடியாதுங்க. இங்க வச்சாங்கன்னா ஆடட்டும். இல்லன்னா இதோட நிறுத்திக்கட்டும்."

பவித்ரா அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்து, பேசாதீர்கள் என்பதுபோல் உதட்டில் விரல் வைத்தாள். அப்பா போன பிறகு, "அண்ணே, தரை நல்லா வந்துடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தரை மோசமாகத்தான் இருந்தது. சூளை நின்ற பக்கம் மேடு, வாசல் பக்கம் தாழ்வு, நடுவில் அலை அலையாகப் பள்ளம். பாய் படுத்துப் பார்த்துவிட்டு, "கடல் மாதிரி இருக்குதுடா ராசு, கப்பல் விடலாம்" என்றார். கட்டிக் கட்டியாக எழுந்து நின்ற இடங்களைக் கொத்தி எடுத்தோம். கம்பால் தட்டிப் பார்த்தோம், எங்கும் கெட்டியான சத்தம். தேய்க்கும் இயந்திரத்தால் மேல் அழுக்கை உரித்து, தூசியை உறிஞ்சி எடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. தரை காய நாளாகும், அதற்கு நேரமில்லை என்பது எங்கள் கணக்கு. பிறகு பிடிப்புக்கான பிரைமர் அடித்தோம். லேசரை நிறுத்தி, வேண்டிய உயரத்துக்குத் திருகாணிகளைத் தரையில் இறக்கினோம். தானாகப் பரவி மட்டமாகும் கலவை மூட்டைகள் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தன.

இந்தக் கலவையைப் பற்றித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அது தோசை மாவைவிட நீர்த்தது. ஊற்றினால் பரவும். ஆனால் பரவிவிடும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. ஒருவர் ஊற்ற, ஒருவர் பல் வைத்த தள்ளுகோலால் இழுக்க, ஒருவர் முள் உருளையால் காற்றுக் குமிழியை உடைக்க வேண்டும். முதலில் ஊற்றியதன் ஓரம் இறுகும் முன் அடுத்தது வந்து சேர வேண்டும். தண்ணீரைக் கண்ணளவில் சேர்க்கக்கூடாது. ஒரு குவளை கூடினாலும் மேலே பால் போல் படிந்து பிறகு தூளாக உதிரும்.

சனிக்கிழமை பாதிக் கூடம் ஊற்றினோம். மறுநாள் காலை வந்து பார்த்தால் கூரை ஓடு தெரிகிற மாதிரிப் பளபளப்பு. டீச்சர் கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் வாசலில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பாய் மட்டும் சட்டையைக் கழற்றினார்.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கம்பால் முகத்துக்கு முன்னால் தட்டினார். டொக். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டொக். இன்னும் தள்ளி. டொப்.

அந்த ஓர் எழுத்து மாறினால் அடியில் வெற்றிடம் என்று பொருள். அந்த இடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனோம். ஒரு முறம் அளவு இடத்தில் மேல் தளம் கீழே ஒட்டாமல் தனியாக நின்றது. அதேபோல் இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. ஓர் இடத்தில் மயிரிழைபோல் விரிசல் வட்டமாக ஓடத் தொடங்கியிருந்தது. பிரைமர் அடித்தோம், தூசி எடுத்தோம், தண்ணீர் அளந்து விட்டோம். எதில் பிழை என்று விளங்கவில்லை. பாய் இப்போது காதைத் தரையில் வைத்திருந்தார்.

"ஏன் பாய், தரைக்கு ஜுரமா? காது வச்சு பாக்குறீங்க?"

மல்லிகா அக்கா. தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை. கூடம் மூடப்படும்வரை இதே கூடத்தில் அச்சு வார்க்கும் வேலை செய்தவர். டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார்.

"ஒட்ட மாட்டேங்குதுக்கா. அங்கங்க வுட்டு வுட்டு நிக்குது" என்றேன்.

அக்கா சுண்ணக்கட்டியால் நான் போட்டிருந்த வட்டங்களைப் பார்த்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தார். திடீரென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயையோ, இது எங்க குழி!"

"எங்க குழின்னா?"

"நாங்க அடைச்ச குழி. வார்க்குற மேசையிலேருந்து சூளைக்குப் பொம்மைய பலகை பலகையா தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போவோம். தரையில குழி விழுந்தா வண்டி குதிக்கும். வண்டி குதிச்சா புள்ளையாருக்குத் தும்பிக்கை போயிடும். சூப்பரவைசரு நம்மளத்தான் கத்துவாரு. சிமெண்டு கேட்டா நாளைக்கு நாளைக்குன்னுவாங்க. அச்சுல ஊத்துன ஸ்லிப்பு மிச்சம் தொட்டியில கெடக்குது. எடுத்துக் குழியில ஊத்தி, மேல வழிச்சு வுட்டோம். காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். எவனுக்குத் தெரியும்?"

"எத்தன எடத்துலக்கா?"

"அத யாரு எண்ணுனா? தும்பிக்கை ஒடஞ்ச எடத்துல எல்லாம் ஊத்துனோம்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்லிப் என்பது பொம்மை வார்க்கும் களிமண் கரைசல். சூளையில் வெந்தால்தான் அது பீங்கான். வேகாதது எத்தனை ஆண்டு காய்ந்து இறுகிக் கிடந்தாலும் வெறும் மண். தண்ணீர் பட்ட உடனே பழையபடி குழைந்துவிடும். வேறு ஊரில் தரையில் குழி விழுந்தால் சிமெண்டைப் பூசுவார்கள், இல்லையென்றால் அப்படியே விடுவார்கள். குழிக்குப் பொம்மைக் கரைசலை ஊற்றுகிற புத்தி எங்கள் ஊரில்தான் வரும். மேலே படிந்த அழுக்கில் அது சிமெண்ட் நிறத்துக்கே வந்திருந்தது. நாங்கள் ஊற்றிய கலவையின் நீர் இறங்கியதும், அடியில் மண் விழித்துக்கொண்டுவிட்டது.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கி முகம் மாறியது. "ஒங்க வேலைய நாங்க கெடுத்துட்டமா பாய்?"

"நீயும் தரைய மட்டம்தானே பண்ணியிருக்க? அப்ப நீயும் எங்க தொழிலுதான்" என்றார் பாய். "டீய வச்சுட்டுப் போ. ஆறுது."

 நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, டீச்சர் மெல்லக் கேட்டார்.

"பாய், மேல விரிப்புப் போட்டுட்டா வெளியில தெரியாதுல்ல?"

"தெரியாது டீச்சர்."

"ஒரு நாள் ஆட்டம்தான். ஒரு நாள் தாங்குச்சுன்னா போதும். அதுக்கப்புறம் ஒடைச்சுப் போட்டு நிதானமா செய்யலாம். வர்றவங்க மேலாப்புல பாத்துட்டுப் போயிடுவாங்க. இப்ப ஒடைச்சா அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியுமா? முடியலன்னா இந்தப் புள்ளைங்க கதி என்னா?"

 பாய் மூலையிலிருந்து ஒரு விரிப்பை இழுத்துவரச் சொல்லி, விரிசல் ஓடிய வட்டத்தின் மேல் போட்டார். உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை.

"டீச்சர், யாராச்சும் ஒரு புள்ளைய கூப்புடுங்க. ஓடி வந்து இது மேல ஒரு தாவு தாவட்டும். தாங்குதான்னு பாத்துடுவோம்."

பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். டீச்சர் திரும்பினார். வாயைத் திறந்தார். முதலில் நின்றவளைப் பார்த்தார், அடுத்தவளைப் பார்த்தார். கடைசியில் பவித்ராவிடம் பார்வை போய் நின்றது. பவித்ரா ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராகவே நின்றாள், பெயரைச் சொன்னால் பறந்திருப்பாள். டீச்சரால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. எந்தப் பெயரையும் சொல்ல முடியவில்லை.

"ஒடைச்சிடுங்க பாய்" என்றார்.

பாய் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "இன்ஷா அல்லாஹ், ஞாயித்துக்கெழம ஆடுவாங்க டீச்சர். ஆனா கூடம் முழுக்க முடியாது. ஆடுகளம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கலவை இருக்குது. அத நடுவுல போடாம, கொஞ்சம் சூளைப் பக்கமா தள்ளிக்கலாம். அங்க குழி கம்மியா இருக்கும்னு தோணுது."

"கம்மின்னு எப்படித் தெரியும்?"

"அதத்தான் இப்ப கண்டுபுடிக்கணும்."

அன்று பிற்பகலே உடைக்கும் இயந்திரம் வந்தது. முந்தைய நாள் ஊற்றிய பளபளப்பை உடைத்து அள்ளினோம். திங்கட்கிழமை காலை, வேண்டாம் என்று ஒதுக்கிய அதே தண்ணீரைக் கூடம் முழுவதும் கணுக்கால் நனையும்படி நிறுத்தினோம். களிமண் குழைவதற்கு நேரம் கொடுத்தோம். குழைந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே போனால் வாரம் ஓடிவிடும். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பவித்ரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"அண்ணே, இங்க பன்னு மாதிரி அமுங்குது!"

காலால் பார்ப்பது! பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். வெறுங்காலோடு மண்ணில் ஆடி வளர்ந்த பிள்ளைகள். டீச்சர் விசில் ஊதினார். எல்லோரும் இறங்கினார்கள். எதிராளியை வளைப்பதற்குப் போடுவார்களே, அதுபோலக் கையோடு கை கோத்துச் சங்கிலி கட்டினார்கள். சுவருக்குச் சுவர் வரிசை பிடித்து, அடி அடியாக, குதிகாலால் அழுத்திக்கொண்டு சூளைப் பக்கம் நோக்கி நகர்ந்தார்கள். ஒருத்தி நின்றால் சங்கிலியே நிற்கும்.

"இங்க!"

"நிஜமாவா, சும்மாவாடி?"

"வழுவழுங்குது, சத்தியமா!"

"அது ஒன் காலுடி, கழுவி எத்தன நாளாவுது?"

நான் பின்னால் செங்கல் துண்டுகளைக் கூடையில் சுமந்துகொண்டு, அவர்கள் காட்டிய இடத்தில் எல்லாம் ஒன்று வைத்தேன். மல்லிகா அக்கா கடையை மூடிவிட்டு வந்து சுவரோரம் நின்றுகொண்டு, "அங்க பெரிய மேசை இருந்துச்சு, நல்லா மிதிங்கடி! அந்தத் தூணுக்குப் பக்கத்துல செட்டியார் பொம்மை ஒரு சோடி ஒடஞ்சுது, அங்கயும் இருக்கும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். இருந்தது. தண்ணீர் வெளுத்து, மோர் போல் ஆகிவிட்டது. வடித்துவிட்டுப் பார்த்தபோது, மேசையிலிருந்து சூளை வரைக்கும் தள்ளுவண்டி போன பாதை அப்படியே செங்கல் வரிசையாகத் தெரிந்தது. பாய் ஊகித்தது பாதி சரி. சூளையை ஒட்டிய பகுதியில் குழிகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

குழிகளைக் கையால்தான் தோண்டினோம். மண் போய்க் கான்கிரீட் தென்படும்வரை சுரண்டி, இரும்புத் தூரிகையால் தேய்த்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம். பக்கவாட்டைச் செங்குத்தாகக் கொத்திவிட்டோம். அடியில் சிமெண்ட் பால் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சீக்கிரம் இறுகும் கலவையைச் சிறுஜல்லியோடு சேர்த்துக் குத்தி நிரப்பினோம். அந்த வாரத்தின் நடுவில் நோன்பு தொடங்கிவிட்டது. பங்குனி வெயிலில், மின்விசிறி இல்லாத கூடத்தில், தண்ணீர்கூடக் குடிக்காமல் பாய் ஒவ்வொரு குழியையும் தானே தொட்டுப் பார்த்தார். அவர் முன்னால் குடிக்கத் தயங்கி நாங்கள் வெளியே போய்க் குடித்தோம். "உள்ளயே குடிங்கடா, எனக்கு ஒண்ணும் ஆவாது. வெளிய போயிட்டு வர்ற நேரத்துல ரெண்டு குழி முடிச்சிடலாம்" என்றார்.

அந்த வெயிலில் தரை காய்ந்ததும் மறுபடி பிரைமர் அடித்து, வெள்ளிக்கிழமை காலை, ஜும்மாவுக்கு முன்னால், ஆடுகளத்தின் அளவுக்கும் அதைச் சுற்றி விழுந்து எழ வேண்டிய இடத்துக்கும் மட்டும் கலவையை ஊற்றினோம். வெளி ஓரத்தைப் படிபோல் விடாமல், பழைய தரையோடு சேரும்படி சாய்வாக இழுத்தோம். கடைசி மூட்டை கடைசி மூலைக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. பாய் குளித்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். நான் யாரையும் உள்ளே விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை தட்டிப் பார்த்தோம். பாய் ஒரு பக்கத்திலிருந்தும் நான் ஒரு பக்கத்திலிருந்தும் தொடங்கினோம். டொக், டொக், டொக். இருவரும் நடுக்கோட்டில் வந்து சந்தித்தபோது, டீச்சர் இன்னும் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். "புள்ளைங்கள கூப்புடுங்க டீச்சர்" என்றார் பாய். இந்த முறை டீச்சர் எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடத்த வந்தவர்கள் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார்கள், காலால் அழுத்தினார்கள், தலையசைத்தார்கள். சுற்று வட்டாரப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். பவித்ராவின் அப்பா பைக்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழும்போதெல்லாம் எனக்குக் காதில் ஒரு 'டொப்' கேட்டது. பிறகு அது விரிப்பின் சத்தம் என்று தெளியும். பவித்ரா மூன்றாவது முறையோ நான்காவது முறையோ பாடிப்போனபோது, எதிரணியில் ஒரு தடித்த பிள்ளை அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேர் இடுப்பில் விழுந்தார்கள். எல்லோருமாகச் சரிந்த இடம், தும்பிக்கைக் குழிகளிலேயே பெரியது இருந்த இடம். பாய் என் தோளைப் பிடித்தார். பவித்ரா அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து, ஒரு கையை மட்டும் நீட்டி, நடுக்கோட்டைத் தொட்டாள்.

விசில்.

எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில், "அப்படித்தான்! வுடாத!" என்று ஒரு குரல். அவள் அப்பா.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயரும் டீச்சரின் இன்னொரு பிள்ளை பெயரும் இருந்தன. டீச்சர் அழுதார், பிறகு எல்லோரையும் விரிப்பை மிதிக்காமல் போகச் சொல்லித் திட்டினார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதால் பாய் அவசரமாகக் கிளம்பினார். மல்லிகா அக்கா ஒரு பொட்டலம் வடையை அவர் வண்டியில் மாட்டிவிட்டார்.

இரவல் விரிப்பைத் திருப்பி எடுத்துப்போக லாரி வரவில்லை. தேர்வு நடத்தியவர்கள் அடுத்த ஆண்டும் இங்கேயே வைக்கலாம் என்று சொல்லி, அதை இங்கேயே விட்டுவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில், கலவை நன்றாகக் காய்ந்த பிறகு ஓரச் சாய்வில் விரிசல் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வாசலில் பைக்குகள் நின்றன. கம்மாபுரத்து அப்பாக்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே பயிற்சி. முன்பு பார்த்திராத சின்னப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு, என் போக்கில் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

திடீரென்று ஆட்டம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பவித்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் காலைக் காட்டினாள்.

"அண்ணே, கோட்ட மிதிச்சிட்டீங்க. அவுட்டு."

"தரைய பாக்க வந்தேம்மா."

"தரை நல்லாத்தான் இருக்குது. வெளிய போயி நில்லுங்க, ஆட்டம் ஓடுதுல்ல."

போய் நின்றேன்.